ஒரு துண்டை அசைத்தால் போதும்

அலைக்குளத்தில் விசில் ஊதினார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்ற கூட்டம் மொத்தமும் கரையேறத் தொடங்கியது. என் மகள் மட்டும் ஏறவில்லை. எட்டு வயதுப் பிள்ளை. கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, அடுத்த அலை எப்போது வரும் என்று எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடியும் விசில். மூன்றாவது முறையும் ஊதிவிட்டு, “ஏ பாப்பா, சொல்றது காதுல விழலையா?” என்று காவலர் கத்தினார். பத்தடி தள்ளி நின்ற நான் தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடி அவள் தோளைத் தொட்டேன். திரும்பினாள். குளம் காலியாக இருந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் ஒரு குழந்தை விழிப்பதைப் பெற்றவர்கள் யாரும் பார்க்கக் கூடாது.

அவள் பிறவியிலேயே காது கேளாதவள். காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை செய்துகொண்டவள். ‘காது மிஷின்’ தலையில் இருக்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டாலும் திரும்புவாள். பள்ளியில் பாடம் கேட்பாள். ஆச்சியிடம் போனில் வம்பளப்பாள். தண்ணீரில் இறங்கும்போது அந்த மிஷின் ஜிப் பைக்குள் போய்விடும். அதன் பிறகு அவளைச் சுற்றி ஓசையே கிடையாது. அன்று நடந்ததில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. அந்த இடத்தில் சொல்லப்படும் எல்லாமே காதுக்கு மட்டும் சொல்லப்படுகின்றன. கண்ணுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் முறையீடு இது ஒன்றுதான்.

கழற்றினால் மௌனம், மாட்டினால் இரைச்சல்

இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை கைக்காசு இல்லாமல் கிடைக்கிறது. லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி, பீடி சுற்றும் தாயின் பிள்ளைக்கும் எட்டியிருக்கிறது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய சாதனை இது. காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்தி, அதிலிருந்து மின்முனைகளை உள்காதின் நத்தைச்சுருளுக்குள் செலுத்துகிறார்கள். வெளியே காதில் மாட்டும் பிராசஸர் ஒன்று. காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் வட்டமான காயில் ஒன்று. பிராசஸர் ஓசையைப் பிடித்து மின்குறிப்பாக்கி உள்ளே அனுப்ப, அது செவி நரம்பைத் தூண்டுகிறது. மாதக்கணக்கில் பேச்சுப் பயிற்சி கொடுத்தால், பிள்ளை அந்த மின்குறிப்புகளை ‘அம்மா’ என்றும் ‘மழை’ என்றும் புரிந்துகொள்ளக் கற்கிறது. காயிலை எடுத்த நொடியில் எல்லாம் நின்றுவிடும்.

கேளிக்கைப் பூங்காவில் அந்த நொடி திரும்பத் திரும்ப வருகிறது. தண்ணீர் விளையாட்டு என்றால் கழற்ற வேண்டும். நீர்புகாத உறை இருந்தாலும் அதற்கேற்ற பேட்டரி வேண்டும், சாதாரண துத்தநாக பேட்டரிக்குக் காற்றோட்டம் தேவை. வேகமாகச் சுழலும் ராட்டினம் என்றால் காயில் பறந்துபோகும் என்று கழற்ற வேண்டும். பிளாஸ்டிக் சறுக்கில் உடல் உராயும்போது நிலைமின்சாரம் தேங்கும். பழைய மாடல் கருவிகளில் அது பிள்ளைக்கென்று பதிந்துவைத்த ‘மேப்’ என்னும் ஒலி அமைப்பையே குழப்பிவிடும் என்பதால் அங்கேயும் கழற்றச் சொல்கிறார்கள். டேஷிங் காரில் தலையில் அடிபட்டால் உள்ளே இருக்கும் கருவிக்கே ஆபத்து. அதில் ஏற்றுவதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆக, அறிவிப்புகளை அவசியம் கவனிக்க வேண்டிய இடங்களில்தான் பிள்ளையின் காது பைக்குள் இருக்கிறது.

கழற்றாமல் வைத்திருந்தால் மட்டும் என்ன? ராட்டினத்துக்கு ஒரு ஸ்பீக்கர், மரணக்கிணற்றுக்கு ஒரு ஸ்பீக்கர், டெல்லி அப்பளக் கடைக்கு ஒரு ஸ்பீக்கர். நம் காது வேண்டாத சத்தத்தை ஒதுக்கிவிட்டு வேண்டிய குரலைப் பொறுக்கி எடுக்கும். மிஷினுக்கு அந்தச் சாமர்த்தியம் குறைவு. எல்லாச் சத்தத்தையும் அள்ளிக்கொண்டுவந்து கொட்டும். அந்தக் குவியலுக்குள் அப்பாவின் குரலைத் தேடிக் களைத்துப்போய், அரை மணி நேரத்தில் என் மகள் தானே காயிலை எடுத்துக் கையில் தந்துவிடுவாள். கேட்கும் திறன் உள்ளவர்களுக்கும் இந்த இரைச்சல் நல்லதில்லை. நிகழ்ச்சி நடக்கும் இடங்களில் ஒலி, 15 நிமிட சராசரியில் 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் அளவு வகுத்துத் தந்திருக்கிறது. நம் திடல்களில் அதை யார் அளக்கிறார்கள்?

ராட்டினக்காரர் சொன்ன வழி

ஒருமுறை பொருட்காட்சி ஒன்றில் ராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்து வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்ததும் இளைஞர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். “மிஷின் போட்ட பிள்ளைய ஏத்த மாட்டோம் அண்ணாச்சி. ஏதாச்சும் ஆச்சுன்னா யார் பதில் சொல்ல?” ஏறலாம் என்று மருத்துவர் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அவர் கேட்பதாக இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மகள் என் வாயையும் அவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பேச்சு புரியாவிட்டாலும் விஷயம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்போது மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்தார். அவளுக்கு எதிரே குனிந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து உயர்த்திக் காட்டினார். “இத ஆட்டுனா வண்டி கெளம்பும் தாயி. கீழ போட்டா நின்னுரும். நிக்குற வரைக்கும் கம்பிய விடப்பிடாது, என்ன?” சொன்னதை எல்லாம் கையாலும் செய்து காட்டினார். அவள் தலையாட்டினாள். காயிலைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, தொட்டிலில் ஏறி, இரும்புக் கம்பியில் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். மோட்டார் ஓடத் தொடங்குவதை அந்தக் கம்பி அவளுக்குச் சொல்லிவிடும். துண்டு ஆடியது. ஒவ்வொரு சுற்றிலும் கீழே வரும்போது பெரியவர் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். இறங்கிய பிறகு அவரிடம் கேட்டேன். “எங்க சித்தி மவன் பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளிக்கூடத்துல படிச்சவன்லா” என்றார்.

தெரியாததால் வந்த பயம் அந்த இளைஞரைத் தடுக்கவைத்தது. கூடப் பழகியதால் வந்த தெளிவு பெரியவரை வழிகண்டுபிடிக்க வைத்தது. இருவருக்கும் இடையில் இருந்தது கருணையின் ஏற்றத்தாழ்வு என்று நான் நினைக்கவில்லை. இளைஞருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சொல்லித் தந்தால் அவரும் செய்வார்.

அருவியில் எல்லோருக்கும் ஒரே மொழி

யோசித்துப் பார்த்தால் பெரியவர் செய்தது நமக்குப் புதிதே இல்லை. ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ரத வீதிகளில் வரும்போது, மேளமும் கூட்டத்தின் முழக்கமும் சேர்ந்து பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. அப்படிப்பட்ட தேரோட்டங்களில், வடம் பிடிப்பவர்களுக்குக் குரல் எட்டாது என்பதால் துண்டை வீசியும் கொடி காட்டியும் இழுக்கச் சொல்கிறார்கள், நிறுத்தச் சொல்கிறார்கள். வடத்தைப் பிடித்த என் மகளுக்குத் தேர் அசைவது எல்லோரையும் போலக் கையிலேயே தெரிந்தது. அந்த நாளில் அவள் யாரையும்விடக் குறைந்தவளாக இல்லை.

குற்றாலத்துக்குப் போனவர்கள் இன்னொன்றையும் பார்த்திருப்பார்கள். சாரல் காலத்தில் பேரருவிக்கு அடியில் நின்றால் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. “சோப்பை எடு” என்பதைக் கையால் சொல்வார்கள். “போதும், வா” என்பதும் கைதான். தலையை உள்ளே நீட்டத் தயங்கும் மருமகனை மாமனார் கையசைத்துக் கூப்பிடுவார். காது கேட்கும் ஆயிரம் பேர் அங்கே சைகையால் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் பக்கம் தன் அம்மாவோடு குளித்துவிட்டு வரும் என் மகளை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அருவிக்கடியில் அவள் மற்றவர்களைவிடத் தேர்ந்தவள். மற்றவர்கள் தடுமாறிச் சொல்வதை அவள் ஒரே அசைவில் சொல்லிவிடுவாள்.

ஓசை மிகுந்த இடத்தில் கண்ணோடு பேச வேண்டும் என்பது நாம் காலங்காலமாக அறிந்த விஷயம். தேருக்கும் அருவிக்கும் தெரிந்தது, கட்டணம் வாங்கிக் கேளிக்கை தரும் பூங்காவுக்குத் தெரியாமல் போனதுதான் வியப்பு.

ஆனால் அதே அருவியில் ஆபத்து வரும்போது நாம் மீண்டும் காதை நம்பத் தொடங்கிவிடுகிறோம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பெருகி, பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். காது கேட்கும் கூட்டமே திகைத்துச் சிதறி ஓடிய நேரம் அது. தண்ணீர் ஏறுகிறது என்றால் போலீசார் விசில் ஊதிக் குளிப்பவர்களை வெளியேற்றுகிறார்கள். மிஷினைக் கழற்றிவைத்துவிட்டுக் குளிக்கும் பிள்ளைக்கு விசிலும் ஒன்றுதான், சைரனும் ஒன்றுதான். குற்றாலத்திலும் பாபநாசம் அகத்தியர் அருவியிலும் மணிமுத்தாறிலும் விசிலோடு சேர்த்துச் சுழலும் சிவப்பு விளக்கு ஒன்றையும் வைத்தால், அந்தப் பிள்ளைக்கு மட்டுமின்றி, அருவி இரைச்சலில் விசில் கேட்காத அத்தனை பேருக்கும் அது உயிர்காக்கும்.

பாளையங்கோட்டைக்கு உள்ள பொறுப்பு

இதை நெல்லையிலிருந்து சொல்வதற்குக் காரணம் உண்டு. கிறிஸ்தவ ஊழியத்துக்காக வந்த ஃப்ளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 1890களில் பாளையங்கோட்டையில் காது கேளாத குழந்தைகளுக்குக் கல்வி கொடுக்கத் தொடங்கினார். அவர் பெயரில் இன்று மேல்நிலைப் பள்ளியாக நிற்கும் அது, இந்தியாவின் மிகப் பழைய காது கேளாதோர் பள்ளிகளுள் ஒன்று. நான்கு தலைமுறைக்கு மேலாக இந்த ஊரின் பேருந்து நிறுத்தங்களில் சீருடைப் பிள்ளைகள் கையால் கதைபேசிச் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே நாம் கடந்துபோகிறோம். ஒரு காலத்தில் அவர்களைச் சுட்டிய கடுஞ்சொல்லை ஊர் மெல்ல மெல்லக் கைவிட்டது. படிப்பு கிடைத்தது, சிலருக்கு வேலை கிடைத்தது. விளையாட்டும் கொண்டாட்டமும் மட்டும் ‘அதெல்லாம் அப்புறம்’ என்று தள்ளிவைக்கப்பட்டிருக்கின்றன.

நல்ல உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையை ஒட்டி 1987 முதல் இயங்கும் மாவட்ட அறிவியல் மையத்துக்கு மகளை அழைத்துப்போனால், கிளம்ப மனமின்றி நிற்பாள். தொட்டும் சுழற்றியும் எட்டிப் பார்த்தும் தானே கண்டுபிடிக்கக்கூடிய இடம் அது; யாரும் வாயால் விளக்க வேண்டியதில்லை. (பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை: தலைமுடியைக் குத்திட்டு நிற்கவைக்கும் நிலைமின்சாரப் பொறி எந்த ஊர் அறிவியல் கூடத்தில் இருந்தாலும், இம்பிளான்ட் வைத்த பிள்ளையை அதன் பக்கம் விடாதீர்கள்.)

வெளிநாட்டில் ஒரு தகப்பனின் கதை எனக்கு மிகவும் நெருக்கமானது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கார்டன் ஹார்ட்மன், மாற்றுத்திறன் கொண்ட தன் மகள் ஒரு நீச்சல் குளத்தில் மற்ற பிள்ளைகளோடு விளையாடப் போனபோது, அவர்கள் விலகிக் கரையேறியதைப் பார்த்தார். 2010இல் சான் அன்டோனியோ நகரில் அவர் திறந்த ‘மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்’ பூங்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கு நுழைவுக் கட்டணமே இல்லை. 2017இல் பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்காவும் வந்தது. டிஸ்னியின் அமெரிக்கப் பூங்காக்களில் குறிப்பிட்ட நாட்களில் மேடை நிகழ்ச்சிகளுக்குச் சைகைமொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். வசனத்தை எழுத்தில் காட்டும் கைக்கருவியும் தருகிறார்கள். அந்த நாட்டில் 1990இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதைக் கடமையாக்கியது.

நம்மிடமும் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் சமமாகப் பங்கேற்பதை 29ஆவது பிரிவில் உரிமையாகவே தருகிறது. பொதுமக்கள் பொழுதுபோக்குக்காக வந்துபோகும் தனியார் கட்டடமும் அந்தச் சட்டத்தின்படி ‘பொதுக் கட்டடம்’தான். அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் அணுகல்தன்மை என்றதும் நம் அதிகாரிகளுக்கும் முதலாளிகளுக்கும் சாய்தளம் ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. சாய்தளம் அவசியம் வேண்டும். அத்தோடு வேலை முடிந்துவிடாது. காது கேளாமை வெளியே தெரியாத குறை. அதனாலேயே கணக்கில் வராமல் போகிறது.

என்ன செய்யலாம்?

செலவு அதிகம் பிடிக்காதவற்றையே கேட்கிறேன். ஒவ்வொரு விளையாட்டின் வாசலிலும் படம் போட்ட பலகை: எப்படி உட்கார வேண்டும், எதைப் பிடிக்க வேண்டும், எப்போது இறங்க வேண்டும். கிளம்பும்போது பச்சை விளக்கு, நிற்கும்போது சிவப்பு விளக்கு. விளக்கு இல்லாத இடத்தில் கொடி. அலைக்குளத்தில் விசிலோடு சேர்த்து நாலாபுறமும் தெரியும் விளக்கு. மிஷினைக் கழற்றிவைக்கப் பூட்டும் எண்ணும் உள்ள சிறு பெட்டி, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம். வாரத்தில் ஏதேனும் ஒரு நாள், ஒரு மணி நேரம் ஸ்பீக்கர்களை அணைத்துவைத்தால், மிஷின் போட்ட பிள்ளைகளோடு இரைச்சல் தாங்காத ஆட்டிசம் குழந்தைகளும் கைக்குழந்தைகளும் வரலாம்.

இவற்றில் மிக அவசரமானது ஒன்று உண்டு. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளை தொலைந்தால் நாம் என்ன செய்கிறோம்? “மஞ்சள் கவுன் போட்ட பாப்பா, எங்கிருந்தாலும் அலுவலகத்துக்கு வரவும்” என்று மைக்கில் கூப்பிடுகிறோம். தன் பெயரைக் கூப்பிடுவதே கேட்காத பிள்ளை எப்படி வரும்? நுழைவாயிலிலேயே கைப்பட்டையில் பெற்றோரின் போன் எண்ணை எழுதிக் கட்டிவிட வேண்டும். தொலைந்தால் பிள்ளையின் படத்தை ஊழியர்களின் போனுக்கும் விளம்பரத் திரைக்கும் உடனே அனுப்ப வேண்டும்.

ஊழியர்களுக்கு மொத்தச் சைகைமொழியும் வேண்டாம். நில், வா, உட்கார், பிடித்துக்கொள், முடிந்தது, பயமா, தண்ணீர், கழிப்பறை, அம்மா எங்கே, நன்றி. பத்துச் சைகைகள். 2015இல் தொடங்கப்பட்ட இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் பத்தாயிரம் சொற்களுக்கான அகராதியைக் காணொளியாகவே வெளியிட்டிருக்கிறது. அதையெல்லாம் தேடிப் போவதற்கு முன், பாளையங்கோட்டையில் படித்த இளைஞர்களையே ஒரு நாள் சம்பளம் கொடுத்து அழைத்துச் சொல்லித்தரச் சொல்லலாம். கற்றுக்கொடுக்கும் இடத்தில் அவர்கள் நிற்பதை ஊரும் பார்க்கட்டும்.

பெற்றோருக்கும் சில வார்த்தைகள். போகும் இடத்தின் படங்களையும் காணொளியையும் முந்தின நாளே பிள்ளைக்குக் காட்டுங்கள்; கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத இடத்தில், முன்பே பார்த்துவைத்தது துணை நிற்கும். ‘நில்’, ‘என்னைப் பார்’, ‘போதும்’ என்று உங்களுக்குள் சைகைகளைப் பேசிவையுங்கள். மிஷினைக் கடைசி நிமிடம்வரை கழற்றாதீர்கள். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்ன பிறகு கழற்றுங்கள். பிள்ளை திரும்பினால் உங்கள் முகம் தெரியும் இடத்தில் நில்லுங்கள். அன்று அலைக்குளத்தில் நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அது என் தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊழியரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். என் பிள்ளைக்குக் காது கேட்காது என்று சொல்வதில் நமக்கு வெட்கம் இருந்தால், அந்த வெட்கம் பிள்ளைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

நெல்லை மாநகராட்சிக்கும் நெல்லை, தென்காசி மாவட்ட நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பொருட்காட்சிக்கும் ராட்டினத்துக்கும் அனுமதி தரும்போது தீயணைப்புக் கருவி இருக்கிறதா, இயந்திரம் உறுதியாக இருக்கிறதா என்று பார்க்கிறீர்கள். அந்தப் பட்டியலில் ஒரு வரியைச் சேருங்கள்: காதுக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு எச்சரிக்கையும் கண்ணுக்கும் சொல்லப்பட வேண்டும். காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பள்ளிக்கூடம் கொடுத்த ஊர் இது. அடுத்த ஆனித் திருவிழாவுக்குள் அவர்களுக்கு ஒரு ராட்டினத்தையும் கொடுக்கட்டும்.